நான்கு லட்சம் பால் கொழுப்பு அளவுகள் இயல்நிலைப் பரவலில் இருந்தனவா? பாலக்காட்டுச் சித்தூரின் கிழக்குப் பகுதியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிச் செல்லும் சித்தூர் வட்டப் பகுதியில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. கேரளத்தின் மற்றப் பகுதிகளைவிட இங்கு மழை குறைவு. ஆகவே கறவை மாடு பல வீடுகளில் துணைத்தொழிலாக அல்லாமல் வீட்டுச் செலவைத் தாங்கும் தொழிலாகவே இருக்கிறது. காலையும் மாலையும் சங்கத்தில் பால் ஊற்றுவார்கள். கருவி கொழுப்பையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் (புரதம், பாற்சர்க்கரை, தாதுக்கள்) அளக்கும். அந்த இரண்டு எண்களைக் கொண்டே லிட்டருக்கான விலை அமையும்.

இங்கே பதிவு செய்யப்படும் நிகழ்வு, ஒன்றுக்கொன்று அருகிலுள்ள சில பால் சங்கங்கள் சேர்ந்து எடுத்த ஒரு முயற்சியைப் பற்றியது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட உற்பத்தியாளர்கள் ஓராண்டு முழுவதும் ஊற்றிய பாலின் பதிவுகள், ஏறத்தாழ நான்கு லட்சம் வரிகள், ஒரே கோப்பாகத் திரட்டப்பட்டிருந்தன. தண்ணீர் கலந்த பாலை விரைவில் கண்டுபிடிக்க, சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்கத்துக்கு (திட்டவிலக்கம் என்பது அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் எண்) அப்பால் விழும் ஒவ்வொரு அளவையும் கணினியே குறித்துக்காட்ட வேண்டும் என்றும், அவ்வாறு குறிக்கப்பட்ட பாலுக்கு விலையில் பிடித்தம் செய்யலாம் என்றும் சங்கங்களின் கூட்டத்தில் பேசப்பட்டிருந்தது. அந்த எல்லைக்கோட்டை வகுத்துத் தருமாறு அருகிலுள்ள கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரிடம் கேட்டார்கள். அவருடன் முதுகலை மாணவர் ஒருவரும், கணினி வேலைக்காக நானும் சேர்ந்துகொண்டோம்.

"டீச்சர், கோடு எங்கே போடணும்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்றார் செயலாளர். அதற்கு முன்பு மூன்று திட்டவிலக்கம் என்ற விதி இந்தத் தரவுக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும் என்று ஆசிரியை சொன்னார். அந்த விதியின் வலிமை முழுவதும் இயல்நிலைப் பரவல், அதாவது அளவுகள் சராசரியின் இருபுறமும் சமச்சீரான மணி வடிவில் பரவியிருக்கும் என்ற எடுகோளின்மேல் நிற்கிறது. பரவல் இயல்நிலையாக இருந்தால் மட்டுமே மூன்று திட்டவிலக்கத்துக்கு வெளியே 0.27 விழுக்காடு அளவுகள் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியும். ஆகவே முதல் கேள்வி இவ்வாறு எழுதப்பட்டது: இந்த நான்கு லட்சம் கொழுப்பு அளவுகள் இயல்நிலைப் பரவலில் உள்ளனவா?

சோதனைகள் தந்த விடை

மாணவர் முதலில், தரவு இயல்நிலையில் உள்ளதா என்று பார்க்கும் ஷாபிரோ-வில்க் சோதனையை எடுத்தார். 1965-இல் வெளியான இந்தச் சோதனை முதலில் ஐம்பது அளவுகள் வரையிலான சிறிய மாதிரிகளுக்காக அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் ராய்ஸ்டன் என்ற புள்ளியியலாளர் அதை விரிவுபடுத்தியதால் 5000 அளவுகள் வரை பயன்படுத்த முடிகிறது. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் அதற்குமேல் ஓர் அளவு கூடினாலும் சோதனையை நடத்த மறுத்துவிடும். எனவே அவர் 5000 பதிவுகளைக் குலுக்கல் முறையில் எடுத்துச் சோதித்தார். இயல்நிலை எடுகோள் மறுக்கப்பட்டது. பிறகு முழுத் தரவின்மீது, அதே நோக்கமுள்ள கோல்மொகோரோவ்-ஸ்மிர்னோவ், ஆண்டர்சன்-டார்லிங் சோதனைகளை நடத்தினார். அவையும் மறுத்தன. பி-மதிப்பு, அதாவது தரவு இயல்நிலையாக இருந்தால் இவ்வளவு விலகல் தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு, கணினி காட்டக்கூடிய மிகச்சிறிய எண்ணாக வந்தது.

அதன்பின் அவர் ஐம்பது, நூறு என்று சிறு மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, பல மாதிரிகள் சோதனையில் தேறின. சிறு மாதிரி ஒன்றை வைத்து "இயல்நிலையே" என்று அறிக்கை எழுதிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. புள்ளியியல் மென்பொருள் கையில் இருக்கும் எந்த இடத்திலும் இந்தப் பேச்சு எழக்கூடியது. ஆதலால் ஆசிரியை அதை ஏன் ஏற்கவில்லை என்பதை விரிவாகப் பதிவு செய்கிறேன். ஐம்பது பதிவுகளில் சோதனை தேறியது என்றால், விலகலைக் காணும் அளவுக்கு அந்த ஐம்பதுக்கு வலிமை இல்லை என்பதே பொருள். விலகல் இல்லை என்பது அதன் பொருள் அன்று. அதிலும், நமக்கு வேண்டியதோ பரவலின் வால்கள், அதாவது அதன் இரு கோடி முனைகள். ஐம்பது பதிவுகளில் மூன்று திட்டவிலக்கத்துக்கு அப்பால் ஒன்றுகூட விழாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காமலே தேர்ச்சி தரும் மாதிரி அது.

அடுத்து, பெரிய தரவில் வந்த மறுப்புக்கு என்ன பொருள் என்ற கேள்விக்குக் குழு அதிக நேரம் கொடுத்தது. கருவி கொழுப்பை 0.1 விழுக்காட்டுப் படிகளில்தான் எழுதுகிறது: 3.8, 3.9, 4.0 என்று. தரவின் திட்டவிலக்கம் சுமாராக அரை விழுக்காடு. உண்மையான கொழுப்பு மிகச்சரியான இயல்நிலைப் பரவலில் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், அதை அருகிலுள்ள 0.1 படிக்கு முழுமையாக்கிய உடனே பரவலின் நடுப்பகுதியில் ஒவ்வொரு படியிலும் மொத்தப் பதிவுகளில் 8 விழுக்காடு குவியும். வழவழப்பான வளைகோட்டுக்கும் படிக்கட்டுக் கோட்டுக்கும் இடையே 0.04 அளவுக்கு இடைவெளி விழும். நான்கு லட்சம் பதிவுகளுக்கு, ஐந்து விழுக்காடு மட்டத்தில், கோல்மொகோரோவ்-ஸ்மிர்னோவ் சோதனை பொறுத்துக்கொள்ளும் இடைவெளியோ 1.36-ஐப் பதிவுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 0.002. முழுமையாக்கல் மட்டுமே அந்த வரம்பைப் பதினெட்டு மடங்குக்குமேல் தாண்டுகிறது. சராசரியையும் திட்டவிலக்கத்தையும் அதே தரவிலிருந்து மதிப்பிடும்போது பொருந்தும் வரம்பை லில்லிஃபோர்ஸ் என்ற புள்ளியியலாளர் 1967-இல் வெளியிட்டார். அது இன்னும் இறுக்கமானது.

இதை உறுதிசெய்ய, கணினியில் நான்கு லட்சம் இயல்நிலை எண்களை உருவாக்கி, 0.1-க்கு முழுமையாக்கி, அதே சோதனைக்குக் கொடுத்தோம். இயல்நிலையிலிருந்தே பிறந்த அந்த எண்களையும் சோதனை மறுத்தது. அதற்குப்பின் குழுவில் யாரும் பி-மதிப்பைப் பற்றிப் பேசவில்லை.

கோட்டத்துக்கும், அதாவது பரவல் ஒரு பக்கமாகச் சாய்வதற்கும், இதே நிலைதான். நான்கு லட்சம் பதிவுகளில் கோட்ட அளவையின் திட்டப்பிழை (தற்செயலாக அது ஏறி இறங்கக்கூடிய அளவு) 0.004-க்குச் சற்றுக் குறைவு, வால்களின் தடிப்பைக் காட்டும் தட்டளவையின் திட்டப்பிழை 0.008-க்குச் சற்றுக் குறைவு. கோட்டம் 0.02 என்று வந்தாலே அது ஐந்து திட்டப்பிழை தொலைவில் நிற்கும். படத்தில் கண்ணுக்கே தெரியாத, எந்த முடிவையும் மாற்றாத அந்தச் சாய்வைச் சோதனை உரக்க அறிவிக்கும். பெரிய தரவில் சோதனை பொய் சொல்வதில்லை. "துல்லியமாக இயல்நிலையா" என்ற கேள்விக்கு "இல்லை" என்று சரியாகவே விடை சொல்கிறது. சங்கத்துக்கு வேண்டியது அந்தக் கேள்வி அன்று என்பதுதான் சிக்கல்.

வரைபடத்தில் தெரிந்தவை

இதன்பின் கேள்வி மாற்றி எழுதப்பட்டது: விலகல் எவ்வளவு, பரவலின் எந்தப் பகுதியில், எந்தக் காரணத்தால்? இதற்குக் கியூ-கியூ வரைபடமே பெரிதும் உதவியது. தரவின் சதமானங்களை (இத்தனை விழுக்காடு அளவுகள் இதற்குக் கீழே என்று காட்டும் மதிப்புகளை) இயல்நிலைப் பரவலின் சதமானங்களோடு ஒன்றுக்கொன்று வைத்து வரைவது அது. இயல்நிலையாக இருந்தால் புள்ளிகள் நேர்கோட்டில் அமையும்.

வரைபடத்தின் நடுப்பகுதி, படிக்கட்டுத் தோற்றத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நேர்கோட்டை ஒட்டியே சென்றது. இரு முனைகளும் கோட்டைவிட்டு விலகின. வலது முனை மிகவும் உயர்ந்தது, இடது முனை தாழ்ந்தது. இயல்நிலையாக இருந்தால் நான்கு லட்சம் பதிவுகளில் ஏறத்தாழ 1080 பதிவுகள் மூன்று திட்டவிலக்கத்துக்கு அப்பாலும், 25 பதிவுகள் மட்டும் நான்கு திட்டவிலக்கத்துக்கு அப்பாலும் விழ வேண்டும். ஐந்துக்கு அப்பால் ஒன்றுகூட எதிர்பார்க்க முடியாது. தரவில் இந்த எண்ணிக்கைகள் எல்லாமே பன்மடங்கு கூடியிருந்தன.

காரணங்களைத் தேடக் கணினியைவிடச் சங்கத்தில் பாலைக் கையாளும் பரிசோதகர்களே அதிகம் உதவினார்கள். வலது முனையில் பெரும்பகுதி எருமைப் பால் என்று அவர்கள் பார்த்தவுடனே சொன்னார்கள். பசுவின் பாலில் கொழுப்பு பெரும்பாலும் மூன்றரை முதல் நாலரை விழுக்காடு வரை இருக்க, எருமைப் பாலில் ஆறு ஏழு விழுக்காடு இருக்கும். கோப்பில் பசுவா எருமையா என்று குறிக்கும் இடமே இல்லை. வலது முனையில் மிஞ்சிய சில, சரியாகக் கலக்காத பாலின் மேற்பரப்பிலிருந்து எடுத்த மாதிரிகளாக இருக்கலாம் என்றார்கள்.

இடது முனைக்கு அவர்கள் சொன்ன காரணம் எங்களுக்குப் புதியது. கறக்கத் தொடங்கும்போது வரும் பாலில் கொழுப்பு குறைவு, கடைசியில் வரும் பாலில்தான் கொழுப்பு மிகுதி. கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிடும் வீட்டிலிருந்து வரும் பால், ஒரு சொட்டுத் தண்ணீர் சேராமலே கொழுப்பு குறைந்துதான் வரும். தண்ணீர் சேர்ந்தால் கொழுப்பும் கொழுப்பல்லாத திடப்பொருளும் சேர்ந்து இறங்கும். கன்று குடித்திருந்தால் கொழுப்பு மட்டும் இறங்கும். கொழுப்பை மட்டும் பார்த்துப் பிடித்தம் செய்வது எவ்வளவு அநியாயம் என்பதை இந்த ஒரு தகவலே காட்டியது.

காலை, மாலை வேறுபாடு இன்னொன்று. இரவு இடைவெளி நீளமானது, பகல் இடைவெளி குறுகியது. இடைவெளி குறுகினால் பாலின் அளவு குறைந்து கொழுப்பின் விழுக்காடு கூடும். ஆகவே மாலைப் பாலில் கொழுப்பு அதிகம். ஒவ்வொரு அளவிலும் எத்தனை பதிவுகள் என்று காட்டும், இரண்டையும் கலந்த செவ்வகப் படத்தில் இரண்டு முகடுகள் தெரியவில்லை என்பதால், கலப்பே இல்லை என்று மாணவர் முதலில் கருதினார். ஆனால் ஒரே திட்டவிலக்கமுடைய இரண்டு இயல்நிலைப் பரவல்களைச் சரிபாதியாகக் கலந்தால், அவற்றின் சராசரிகள் இரண்டு திட்டவிலக்கத்துக்குமேல் விலகியிருந்தால்தான் இரண்டாவது முகடு தோன்றும். அதற்குள் அடங்கும் கலப்பு படத்தில் ஒற்றை மணி வடிவமாகவே தோன்றும்.

ஒரு குறிப்பிட்ட மதிப்பில் அண்டையிலுள்ள படிகளைவிடப் பதிவுகள் வழக்கத்துக்கு மாறாகக் குவிந்திருந்ததும் படத்தில் தெரிந்தது. விலைப்பட்டியலில் ஏதோ படி மாறும் இடம், யாரோ அளவை உயர்த்தி எழுதுகிறார்கள் என்ற ஐயம் உடனே எழுந்தது. ஆசிரியை அந்தப் பேச்சை வளர விடாமல், தேதிவாரியாகவும் சங்கவாரியாகவும் பிரித்துப் பார்க்கச் சொன்னார். குவியல் முழுவதும் இரண்டு சங்கங்களில், கருவி பழுதுபார்க்கச் சென்றிருந்த நாட்களில் இருந்தது. அந்த நாட்களில் எல்லாருக்கும் ஒரே கொழுப்பு அளவைக் கையால் இட்டு வைப்பது என்று கூட்டத்தில் முடிவெடுத்தே செய்திருந்தார்கள். அது கோப்பில் எங்கும் குறிக்கப்படவில்லை. அந்தப் பதிவுகள் ஆய்விலிருந்து நீக்கப்பட்டன.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, மொத்தத் தரவுக்கு ஒரே சராசரி, ஒரே திட்டவிலக்கம் என்ற எல்லைக்கோட்டைக் கைவிடுவது. இதற்கு இயல்நிலை இல்லாதது பாதிக் காரணம்தான். பெரிய காரணம் வேறு. ஜெர்சிக் கலப்பு மாடு வைத்திருப்பவரின் பாலில் கொழுப்பு இயல்பாகவே அதிகம், எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு வைத்திருப்பவரின் பாலில் குறைவு. எல்லாருக்கும் ஒரே கோடு போட்டால், எப்போதும் நாலரை விழுக்காடு ஊற்றுபவர் தண்ணீர் சேர்த்து மூன்றரைக்கு இறங்கினாலும் கோட்டுக்குள்ளேயே இருப்பார். எச்.எஃப். மாடு வைத்து நேர்மையாக ஊற்றுபவரோ திரும்பத் திரும்பக் குறிக்கப்படுவார். தரவு மிகச்சரியான மணி வடிவத்தில் இருந்திருந்தாலும் இந்த அநீதி அப்படியே நடந்திருக்கும். இயல்நிலைச் சோதனையில் தேறினால் கோட்டைப் போட்டுவிடலாம் என்று நாங்கள் எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், இதை எடுத்து வைத்தவர் ஆசிரியை. இந்த நிகழ்வு முழுவதிலும் மிக முக்கியமான திருப்பம் இது என்று கருதுகிறேன்.

எனவே ஒவ்வொருவரின் பாலையும் அவருடைய முந்தைய சில வாரப் பதிவுகளின் இடைநிலை மதிப்போடு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்போடு) ஒப்பிடுவது என்று தீர்மானிக்கப்பட்டது. காலைப் பாலைக் காலைப் பாலோடும், மாலைப் பாலை மாலைப் பாலோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். இந்த வேறுபாடுகளை வரைந்தபோது பரவல் மணி வடிவத்துக்கு மிகவும் நெருங்கியது. ஆனாலும் வால்கள் தடித்தே இருந்தன. ஒரு மாடு வைத்திருப்பவரின் பால் நாளுக்கு நாள் அதிகம் ஏறி இறங்கும், பத்து மாடு வைத்திருப்பவரின் பால் ஒன்றையொன்று சமன்செய்து நிலையாக இருக்கும். வெவ்வேறு திட்டவிலக்கமுள்ள பரவல்களைக் கலந்தால் வால்கள் தடிப்பது எதிர்பார்க்க வேண்டியதே.

ஆகவே எல்லையை இயல்நிலை வாய்பாட்டிலிருந்து எடுக்காமல், தரவின் சொந்தச் சதமானங்களிலிருந்தே எடுப்பது என்ற இரண்டாம் முடிவு வந்தது. எந்தச் சதமானம் என்பதை மறுசோதனை செய்யும் ஆற்றல் தீர்மானித்தது. அமிலமும் அமைல் ஆல்கஹாலும் சேர்த்து மையவிலக்குக் கருவியில் சுழற்றிக் கொழுப்பை அளக்கும் கெர்பர் சோதனையை நாளொன்றுக்கு ஐந்தாறு மாதிரிகளுக்குச் செய்ய முடியும் என்று சங்கத்தார் சொன்னார்கள். ஒரு நாளில் ஏறத்தாழ ஆயிரம் பதிவுகள் வருகின்றன. ஆகவே மிகவும் இறங்கிய அரை விழுக்காடு குறிக்கப்படும் என்று வகுக்கப்பட்டது. நான்கு லட்சம் பதிவுகள் கையில் இருக்கும்போது அரை விழுக்காட்டுச் சதமானத்தை நேரடியாக எண்ணியே எடுத்துவிடலாம், வாய்பாட்டின் துணை தேவையில்லை. பெரிய தரவு தரும் உண்மையான வசதி இதுதான்.

மூன்றாவது, குறிக்கப்பட்டால் மறுசோதனை மட்டுமே, பிடித்தம் இல்லை என்பது. இதற்கு ஆசிரியை காட்டிய கணக்கு கூட்டத்தில் எல்லாரையும் அசைத்தது. நாளுக்கு இரண்டு வேளை என்றால் ஆண்டுக்கு 730 முறை பால் ஊற்றப்படுகிறது. எல்லாம் இயல்நிலையாக, எல்லாரும் நேர்மையாக இருந்தாலும், மூன்று திட்டவிலக்க விதி 730-இல் 0.27 விழுக்காட்டைக் குறிக்கும். அதாவது ஒவ்வோர் உற்பத்தியாளரும் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு முறை அந்தக் கோட்டுக்கு வெளியே விழுவார். அதில் ஒரு முறை கீழ்ப்பக்கமாக, கலப்படக்காரர் என்ற பெயரோடு. "அப்படின்னா தப்பே செய்யாத ஆளுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை காசு போகுமா டீச்சர்?" என்று பால் ஊற்றும் அம்மா ஒருவர் கேட்டார். "ஆமாங்க அம்மா, அதனாலதான் குறிச்ச உடனே காசைப் பிடிக்கக் கூடாதுன்னு சொல்றேன்" என்றார் ஆசிரியை.

சங்கங்களுக்கு இடையே சராசரிக் கொழுப்பை ஒப்பிடும் பணியும் கேட்கப்பட்டிருந்தது. அதற்குப் பரவல் இயல்நிலையாக இல்லாதது தடையாகவில்லை. மைய எல்லைத் தேற்றத்தின்படி, இத்தனை பதிவுகளின் சராசரி இயல்நிலையை மிக நெருங்கி நடக்கும். அங்கு உண்மையான ஆபத்து சார்பின்மை இல்லாததுதான். ஒரே உற்பத்தியாளரின் 730 பதிவுகள் 730 தனித்தனிச் சாட்சிகள் ஆகா. எனவே முதலில் ஒவ்வோர் உற்பத்தியாளருக்கும் ஒரு சராசரி எடுத்து, பிறகு அந்தச் சராசரிகளைச் சங்கவாரியாக ஒப்பிட்டோம். நான்கு லட்சம் என்ற எண்ணிக்கை ஐந்நூற்றுச் சொச்சமாகச் சுருங்கியது. முன்பு பெரிதாக அறிவிக்கப்பட்ட சில வேறுபாடுகள் அதோடு மறைந்தன.

பின்னர் நடந்தவை

புதிய முறை நடைமுறைக்கு வந்தது. குறிப்புச் சீட்டு மலையாளத்தில் மட்டும் அச்சாகிக்கொண்டிருந்ததை மாற்றி, தமிழிலும் அச்சிட ஏற்பாடு செய்தார்கள். குறிக்கப்பட்டவற்றில் கொழுப்பு மட்டும் இறங்கியவை, கொழுப்பும் திடப்பொருளும் இறங்கியவை என்று சீட்டிலேயே பிரித்துக் காட்டப்பட்டது. மறுசோதனையில் கணிசமானவை கெர்பர் சோதனையிலும் குறைவாகவே வந்தன, ஆனால் திடப்பொருள் இறங்கவில்லை. கன்று, தீவன மாற்றம், மாட்டின் நோய் என்று காரணம் வீட்டிலேயே கிடைத்தது. இரண்டும் சேர்ந்து இறங்கியவை சிலவே. அவற்றைச் சங்கத்தார் தங்கள் விதிப்படி கையாண்டார்கள்.

எதிர்பாராத பயன் ஒன்றும் கிடைத்தது. ஒரு சங்கத்தில் சில நாட்களாகக் குறிப்புகள் கூட்டமாக வந்தன. ஒருவர் இருவர் அல்லர், எல்லாருடைய அளவும் ஒரே அளவுக்கு இறங்கியிருந்தது. கருவியைக் கெர்பர் சோதனையோடு ஒப்பிட்டபோது, கருவியே குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. கழுவிச் சீர்செய்தபின் அளவுகள் பழைய நிலைக்கு வந்தன. பழைய திட்டப்படி மூன்று திட்டவிலக்கக் கோடு போடப்பட்டிருந்தால், எல்லாரும் சேர்ந்து சிறிதளவு இறங்கிய இந்தத் தவறு கோட்டுக்குள்ளேயே அடங்கி, உற்பத்தியாளர்களின் காசைத் தின்றுகொண்டே இருந்திருக்கும்.

மாற்றிச் செய்யப்படுபவை

அடுத்த ஆண்டுத் தரவுக்கு இயல்நிலைச் சோதனையை நடத்துவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். கியூ-கியூ வரைபடமும், வால்களில் எதிர்பார்த்த எண்ணிக்கைக்கும் கிடைத்த எண்ணிக்கைக்கும் உள்ள ஒப்பீடும் அறிக்கையில் இடம்பெறும். எந்த முடிவுக்காகப் பரவலைப் பார்க்கிறோம் என்பது அறிக்கையின் முதல் பத்தியிலேயே எழுதப்படும். சராசரிக்காக என்றால் ஒரு தேவை, வாலுக்காக என்றால் வேறு தேவை.

கோப்பின் அமைப்பிலும் மாற்றம் கேட்டிருக்கிறோம். கையால் இட்ட அளவுக்குத் தனிக் குறி வேண்டும், பசுவா எருமையா என்ற இடம் வேண்டும், கருவி உள்ளே கணக்கிடும் இரண்டாம் தசம இலக்கத்தை வெட்டாமல் சேமிக்க வேண்டும். முதல் இரண்டும் ஏற்கப்பட்டன. மூன்றாவது மென்பொருள் தருபவரின் கையில் இருக்கிறது.

எருமைப் பாலுக்கு இதுவரை எல்லை வகுக்கப்படவில்லை. எருமை வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். அவர்களின் பதிவுகளிலிருந்து அரை விழுக்காட்டுச் சதமானத்தை எடுத்தால் அது எருமைகளின் பொது இயல்பைக் காட்டாமல், ஒன்றிரண்டு குறிப்பிட்ட எருமைகளின் இயல்பையே காட்டும். போதிய பதிவுகள் சேரும்வரை, எருமைப் பாலில் பரிசோதகருக்கு ஐயம் வந்தால் நேரே கெர்பர் சோதனைக்கு அனுப்புவது என்ற ஏற்பாடே தொடர்கிறது.